ஒரு வடிகால் மூடிக்கு மூன்று மாதம்

எங்கள் தெரு முனையில் மழைநீர் வடிகால் மூடி உடைந்து மூன்று மாதம் திறந்தே கிடந்தது. பொங்கல் முடிந்த வியாழக்கிழமைதான் புது மூடி வந்தது. அதற்குள் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது அலைச்சல் குறையட்டும்.

ஐப்பசி முதல் மழையில் ஒரு லாரி ஏறி அது உடைந்தது. இரண்டடிக்கு மூன்றடி ஓட்டை, ஓரத்தில் துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் நின்றால் எது ரோடு, எது பள்ளம் என்றே தெரியாது. யாரோ ஒரு முருங்கைக் கிளையை நட்டு சிவப்புத் துணி கட்டிவிட்டார்கள். ஒருநாள் ராத்திரி காற்றில் கிளை சாய்ந்துவிட்டது. விடியற்காலையில் பூக்காரப் பாட்டி அதில் காலை விட்டுவிட்டார். முழங்கால் வரைக்கும் தோல் உரிந்துவிட்டது. கூடையில் இருந்த கதம்பம் சாக்கடைத் தண்ணீரில் மிதந்தது. அன்றைக்குத்தான் மாநகராட்சிக்குப் புகார் செய்தேன். மூடி உடைந்த அன்றே செய்திருக்க வேண்டும்.

போனில் புகார் எண் வாங்குவது சுலபம். மூன்றாம் நாள் 'தங்கள் புகார் சரிசெய்யப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. யாரும் வரவே இல்லை. ஓட்டை ஓரத்தில் அன்றைய பேப்பரை வைத்து, தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். பின்னால் இந்த போட்டோதான் எனக்குக் கைகொடுத்தது.

அப்புறம் வார்டு ஆபீசுக்கு மனுவோடு போனேன். உதவிப் பொறியாளர் சைட்டுக்குப் போயிருந்தார். மேசையில் இருந்தவர் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, "சாக்கடை நாத்தம் அடிக்குதுன்னா அது பாதாளச் சாக்கடைப் பிரிவும்மா, அங்க போய்ப் பாருங்க" என்றார். இரண்டு பஸ் மாறி அங்கே போனால், "தண்ணி கறுப்பா ஓடுனாலும் அது மழைநீர் வடிகால்தான், வார்டு ஆபீஸ்லயே கேளுங்க" என்றார்கள். திரும்பி வந்தால், "மெயின் ரோட்டை ஒட்டுன இடம், நெடுஞ்சாலைத் துறையா இருக்கும்" என்று பதில். ஒரு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

அதைவிட வலித்தது மூன்று வாரம் கழித்து. என் மனு என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, அப்படி எதுவும் வரவே இல்லையே என்றார்கள். கையில் கொடுத்தேன் என்றால் யார் நம்புவார்கள்? அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு ஐயாதான் சொன்னார்: "தபால் பிரிவு சீல் இல்லாத மனு மனுவே இல்லம்மா." ஆபீசுக்கு வருகிற மனுக்களை வாங்கிப் பதிவு செய்கிற இடம்தான் தபால் பிரிவு. இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, உங்கள் நகலில் சீல், தேதி, எண் மூன்றும் வாங்காமல் நகராதீர்கள். 'அப்புறம் வாங்க' என்பார்கள், நின்று வாங்குங்கள். நான் இரண்டாவது மனுவை அப்படித்தான் கொடுத்தேன்.

நடுவில் எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தது, ஊரில் கிராம சபை மாதிரி நகரத்தில் இது. 2022 நவம்பர் 1 அன்று தாம்பரம் பக்கம் பம்மலில் அன்றைய முதல்வர் ஸ்டாலின் வந்து உட்கார்ந்தாரே, அதே ஏற்பாடுதான். கவுன்சிலர் நல்லபடியாகத்தான் பேசினார். ஆனால் வாயால் சொன்னதோடு விட்டிருந்தால் அது காற்றோடு போயிருக்கும். பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதுகிற வரை பக்கத்திலேயே நின்றேன்.

கடைசியில் காரியத்தை நடத்தியது தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், விண்ணப்பத்துக்கு அவ்வளவுதான். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இதில் 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள். நான் கேட்டது இரண்டே இரண்டு: ஒன்று, இன்ன தேதியில், இன்ன எண்ணில் கொடுத்த என் மனு எந்தெந்த அலுவலரிடம் எந்தெந்தத் தேதியில் இருந்தது, அதற்கான கோப்புக் குறிப்பின் நகல் வேண்டும்; இரண்டு, இந்த வடிகாலைப் பராமரிப்பது யார், அதற்கான பதிவேட்டின் நகல் வேண்டும். அது வேறு துறையுடையது என்றால், சட்டத்தின் 6(3) பிரிவுப்படி அவர்களே 5 நாளுக்குள் அங்கே அனுப்ப வேண்டும். நாம் பஸ் ஏற வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நாள் உதவிப் பொறியாளரே போன் செய்தார். "மேடம், அந்த இடத்தைக் கொஞ்சம் காட்ட முடியுமா?" டேப்போடு வந்து அளந்தார். பேப்பர் வைத்து எடுத்த போட்டோவைக் காட்டினேன். புகாரை முடித்ததாக மெசேஜ் வந்த அதே தேதி. அவர் ஒன்றும் பேசவில்லை, குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் எழுத்தில் பதில் வந்தது: வடிகால் மாநகராட்சியுடையதுதான்.

மூடி போடும்போது பாட்டியும் வந்து நின்று பார்த்தார். வடிகாலைத் திறந்து சுத்தம் செய்தபோதுதான் உள்ளே தெரிந்தது, நான்கு வீட்டுக் கழிவுநீர்க் குழாய் நேராக அதில் விழுகிறது. நாற்றத்துக்குக் காரணம் அதுதான். அடுத்த மனு எழுதியாகிவிட்டது. இருபத்திரண்டு பேர் கையெழுத்து, இரண்டு நகல். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப்போகிறோம், இந்த முறை நான் தனியாகப் போகவில்லை.