தோட்டத்தில் பேய்ப்பட டிரெய்லர்: கைப்பேசியும் சாம்பிராணியும் போதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மாணவர்கள் பேய்ப்பட டிரெய்லர் எடுக்கக் கிளம்பினால், முதலில் வெள்ளைச் சேலையைத்தான் தேடுகிறார்கள். சேலை கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கிறவருக்குப் பயம் காது வழியாகத்தான் ஏறும். அதனால் எங்கள் குழுவில் ஒலிப்பதிவு முடிந்த பிறகே கேமராவைத் தொடுவோம்.

தோட்டத்தில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. காய்ந்த செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டையைச் சரளைக்கல் பாதையில் இழுத்துப் பாருங்கள், யாரோ காலைத் தேய்த்து நடப்பது போலவே இருக்கும். பழைய லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) தகரச் சுவரில் நகம் கீறும் சத்தம், பால் வாளியின் பிடி ஆடும் கிறீச்சொலி எல்லாம் சும்மா கிடைக்கும். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, சத்தம் வரும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பதியுங்கள். படம் பிடிக்கும் ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல், அசையாமல் ஒரு நிமிடம் வெறும் சூழலொலியையும் பதிய வேண்டும். இதை விட்டால் எடிட்டிங்கில் மாட்டிக்கொள்வீர்கள். சில்வண்டுச் சத்தம் ஒவ்வொரு ஷாட்டிலும் ஒவ்வோர் அளவில் இருக்கும். வெட்டும் இடமெல்லாம் அது குதித்துக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஒரு நிமிட ஒலியை எல்லா ஷாட்டுக்கும் அடியில் தொடர்ச்சியாக ஓடவிட்டால் வெட்டு தெரியாது. வசனத்தைத் தனியாகப் பதியுங்கள். எஞ்சினை அணைத்துக் கண்ணாடியை ஏற்றிய கார்தான் தோட்டத்து ஸ்டூடியோ.

டிரெய்லர் 75 விநாடியைத் தாண்ட வேண்டாம். முதல் 25 விநாடிக்கு ஆறு ஷாட் போதும், அதில் பேயே வரக்கூடாது. விளக்கேற்றும் பாட்டி, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும் அப்பா என்று சாதாரணமாகப் போகட்டும். அடுத்த 30 விநாடியில் ஷாட்டுகள் இரண்டரை விநாடிக்குக் குறையும். தலைப்புக்கு முந்திய பத்து விநாடியில் ஒவ்வொன்றும் 12 முதல் 18 பிரேம்தான், அதாவது ஒரு விநாடிகூட இல்லை. தலைப்பு வந்து மறைந்ததும் ஒரே ஒரு கடைசி ஷாட்.

கேமராவை விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று வைத்துவிடுங்கள். மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும். 30 பிரேம், 1/60 ஷட்டரில் எடுத்தால் லயத்து வராந்தா முழுக்கக் கறுப்புப் பட்டை ஊர்ந்துபோகும், அதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. கைப்பேசிக்கு இன்னொரு கெட்ட பழக்கம்: இருட்டைக் கண்டதும் தானாக வெளிச்சத்தைத் தூக்கி, படத்தைப் புள்ளி புள்ளியாகச் சாம்பலாக்கும். இலவசமான பிளாக்மேஜிக் கேமரா செயலியில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) 800க்கு மேல் விடாமல் பூட்டுங்கள். ஃபோக்கஸையும் நிறச்சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) கூடவே பூட்டுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே இருபது நிமிடம் வெளியில் வைத்திருந்து பிறகு திறங்கள்.

இரவுக் காட்சியை இரவில் எடுக்காதீர்கள். செம்பனை ஓலைக்குக் கீழே நடுராத்திரியில் எந்தக் கைப்பேசிக்கும் கண் தெரியாது. இங்கே சூரியன் மறைவது மாதத்தைப் பொறுத்து 7 மணி முதல் 7:30 வரை. அதன்பின் இருபது நிமிடம்தான் அந்த நீல வெளிச்சம். நிறச்சமநிலையை 3200 கெல்வினில் வைத்தால் நீலம் இன்னும் கூடும். அகலமான ஷாட்டுகளை அந்த இருபது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், ஆகவே ஒத்திகை 6:30க்கே ஆரம்பிக்கட்டும். முகத்தை நெருங்கி எடுப்பதெல்லாம் பிறகு, எவர் வீட்டு வாசலில் வேண்டுமானாலும் நடக்கும்.

புகைக்கு இயந்திரம் வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. தூபக்காலில் கரித்துண்டு, மேலே சாம்பிராணி. புகை முன்வெளிச்சத்தில் தெரியாது, பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால்தான் எழுந்து நிற்கும். நடிப்பவருக்குப் பின்னால் மூன்று, நான்கு மீட்டர் தள்ளி ஒரு மரத்துக்குப் பின்னே எல்இடி டார்ச்சை மறைத்து, அதன் வாயில் கேக் சுடும் தாளை ஒட்டுங்கள். புகை கொத்துக் கொத்தாக இருக்கும்போது எடுத்தால் யாரோ சிகரெட் பிடிப்பது போல இருக்கும்; பரவி மெல்லிசாகும்வரை பத்து விநாடி பொறுங்கள். கீழே காய்ந்த ஓலை கிடக்கும், தூபக்காலை மணல் தட்டில் வையுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். ரத்தம் எதற்கு? நீல வெளிச்சத்தில் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும், கலக்கும் பாடு வீண்.

தோட்ட நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஜாகாவிடமும் (காவலாளி) நேரில் சொல்லிவிடுங்கள். இருட்டியபின் மர வரிசைக்குள் டார்ச் அசைந்தால் செம்பனைக் குலை திருட வந்தவர்கள் என்றே நினைப்பார்கள். எலியைத் தேடி நாகம் வரும் இடம் அது, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் இல்லாதவரை உள்ளே விடாதீர்கள். மட்டையின் அடியில் முள் வேறு. முனியாண்டி கோயிலைப் பின்னணியாக வைக்க ஆசை வரும். பூசாரி வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள், பேயைக் காட்ட வேறு இடமா இல்லை.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு தாராளம். மடிக்கணினி திணறினால் பிராக்ஸி கோப்பு (எடை குறைந்த தற்காலிக நகல்) உருவாக்கிக்கொள்ளுங்கள். திடுக்கிடும் இடத்துக்கு ஒரு விநாடி முன்பு சில்வண்டு உட்பட எல்லா ஒலியையும் அறுத்துவிடுங்கள். ஓயாத சத்தம் திடீரென நின்றால் உடம்பு தானாக விறைக்கும். அடிக்கும் சத்தத்தைப் படத்துக்கு இரண்டு பிரேம் முன்னால் வைத்துப் பாருங்கள். வசனம் மைனஸ் 12 டெசிபல் அளவில் ஓடட்டும், அந்த அடிச் சத்தம் மைனஸ் 3ஐத் தாண்ட வேண்டாம். முழுக்க முழுக்க உறுமவிட்டால் எதுவுமே உறைக்காது. திரைப்படப் பாட்டின் பின்னணி இசையை எடுத்துப் போட்டால் யூடியூப் முடக்கிவிடலாம். மட்டை இழுபடும் ஒலியைப் பாதி வேகத்தில் ஓட்டினாலே நல்ல உறுமல் கிடைக்கும்.

அந்த உறுமல் ஹெட்போனில் நெஞ்சை அதிர வைக்கும், கைப்பேசி ஸ்பீக்கரிலோ சுத்தமாகக் கேட்காது, ஏனென்றால் சிறு ஸ்பீக்கருக்கு அடித்தொனி எட்டாது. கூடவே தகரக் கீறல் போன்ற நடுத்தொனி ஒன்றைச் சேருங்கள். பள்ளி மண்டபத்தில் திரையிடுவதாக இருந்தால் முதல் நாளே புரொஜெக்டரில் ஓட்டிப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் கசிந்தால் இருண்ட ஷாட்டுகள் வெறும் கறுப்புத் திரையாகிவிடும். மண்டபத்துக்கென்று நிழல் பகுதிகளைக் கொஞ்சம் தூக்கிய தனிப் பிரதி ஒன்றைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.