பாகற்கொடில ஒரு பிஞ்சு கூட இல்ல, ஆனா வெள்ளித் தண்ணி மட்டும் சூப்பரா வந்துருச்சு

நேத்து காலைல மாடிக்குப் போய் உக்காந்து பாகற்கொடில பூ எண்ணுனேன். வெள்ளித் தண்ணி (ரெண்டு வெள்ளிக் கம்பியத் தண்ணில நிறுத்தி கரண்ட் விட்டு நானே செஞ்சது) அடிச்ச ரெண்டு கொடிலயும் சேர்த்து நாப்பத்தி மூணு பூ, அத்தனையும் ஆண் பூ. பூவுக்குப் பின்னாடி முள்ளு முள்ளா குட்டிக் காய் மாதிரி ஒட்டிட்டு இருக்குமே, அது ஒண்ணுல கூட இல்ல. ஒண்ணும் அடிக்காம சும்மா விட்ட மூணாவது கொடில 19 ஆண் பூ, கூடவே ரெண்டு பெண் மொட்டு. அந்த மூணாவது கொடியத்தான் நான் இத்தனை நாளும் பாவம்னு பாத்துட்டு இருந்தேன்.

பின்கதை சுருக்கமா. பானஸ்வாடில மொட்டை மாடி, முப்பது க்ரோ பேக். மார்கழி வந்தா பெங்களூர் பனிக்கு பாகல், பூசணி இலை எல்லாம் விபூதி பூசுன மாதிரி சாம்பல் நோய் வந்துரும். புளிச்ச மோர் அடிச்சா ஓரளவுக்கு நிக்கும், ஆனா மாடி பூரா மோர் வாடை, கீழ் வீட்டுக்காரங்க ஜாடையா கேட்டுட்டாங்க. அப்பதான் கொலாய்டல் சில்வர், அதாவது கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் மிதக்கற இந்தத் தண்ணி, அடிச்சா பூஞ்சை, பாக்டீரியா எல்லாம் போயிரும், மண்ணுல ஊத்துனா வேர் அழுகலும் நிக்கும்னு ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. செடிக்காக ஆரம்பிச்சேன்னு சொன்னா என் வீட்டம்மாவே நம்ப மாட்டா, ஒரு சர்க்யூட் கட்டறதுக்கு சாக்கு கிடைச்சுதேன்னுதான் இறங்குனேன்.

கம்பி வாங்குன கதையே தனி. நகரத்பேட்டைல வெள்ளிக் கம்பின்னு கேட்டா முதல்ல எடுத்து நீட்டறது 92.5 தான், அதுல மீதி ஏழரை சதவீதம் செம்பு, நமக்கு ஆகாது. ஒரு சந்துக்குள்ள நகை வேலை செய்யற தமிழ் பத்தர் ஒருத்தர் 999 சுத்த வெள்ளிய உருக்கி, ஓட்டை ஓட்டையா இருக்கற இரும்புப் பலகைல கொடுத்து இழுத்து இழுத்து ரெண்டு மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டு வந்தாரு. 15 சென்டிமீட்டர்ல ரெண்டு துண்டு, சேர்த்து பத்து கிராம் கிட்ட. "இது என்ன நகைக்கு சார்?"னு கேட்டாரு, செடிக்குன்னேன், மேல ஒண்ணும் கேக்கல, கூலில மட்டும் அம்பது ரூபா கொறச்சுக்கிட்டாரு. பாவம் பாத்துருப்பாருன்னு நினைக்கறேன். வெள்ளி விக்கற விலைக்கு இது ஒண்ணும் சின்னச் செலவு இல்ல.

இப்ப அசல் தலைவலி, தண்ணியும் கரண்டும்.

முதல் பேட்ச் நம்ம வீட்டு ஆர்ஓ தண்ணில போட்டேன், டிடிஎஸ் (தண்ணில கரைஞ்ச உப்போட அளவு) 38 தான் காட்டுது, போதும்னு ஒரு நினைப்பு. மூணு 9 வோல்ட் பேட்டரிய வரிசையா மாட்டி 27 வோல்ட் குடுத்தேன், ரெண்டே நிமிஷத்துல ஒரு கம்பிலேருந்து ஊதுபத்திப் புகை மாதிரி வெள்ளையா இறங்குது. ஆஹா வந்துருச்சுன்னு வீட்டம்மாவக் கூப்பிட்டு வேற காமிச்சேன். அது கொலாய்டும் இல்ல ஒண்ணும் இல்ல, தண்ணில இருக்கற குளோரைடோட சேர்ந்த சில்வர் குளோரைடு. வெயில் படற ஜன்னல்ல வெச்சேன், சாயங்காலம் பாத்தா கத்தரிப்பூ கலர்ல கறுத்துப் போய் அடில தங்கிருச்சு. பழைய ஃபோட்டோ ஃபிலிம் வேலை செஞ்ச அதே சமாச்சாரம்தான்.

ரெண்டாவது பேட்ச் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர், லிட்டர் இருபது ரூபா சொச்சம். மீட்டர்ல டிடிஎஸ் பூஜ்யம். இதுல நேர் எதிர் பிரச்சினை, கரண்டே ஓட மாட்டேங்குது, மல்டிமீட்டர்ல 0.1 மில்லி ஆம்பியர் கூட வரல. சரி ஓடட்டும்னு விட்டுட்டு மார்க்கெட் போய்ட்டு வந்து பாத்தா எட்டு மில்லி ஆம்பியர்! வெள்ளி கொஞ்சம் கொஞ்சமா இறங்க இறங்கத் தண்ணி நல்லா கரண்ட் கடத்தும், கரண்ட் கூடக் கூட இன்னும் வேகமா இறங்கும், மாடு கயித்த அறுத்துட்டு ஓடற மாதிரிதான். நெகட்டிவ் கம்பில சாம்பல் கலர்ல தாடி முளைச்சு, அது அறுந்து விழுந்து பாட்டில் அடில சேறு. பாசிட்டிவ் கம்பி கரிக்கட்டை. தூக்கி ஊத்திட்டேன்.

அப்பதான் கரண்ட கட்டிப்போடணும்னு எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கற எஸ்பி ரோடு போனேன். வழக்கமா எல்லாரும் எல்எம்317ங்கற ஐசில ஒரு ரெசிஸ்டர் போட்டு கரண்ட் லிமிட் பண்ணுவாங்க, 1.25ஐ ரெசிஸ்டரால வகுத்தா கரண்ட், கணக்கு சுலபம். ஆனா அந்த ஐசிக்கு குறைஞ்சபட்ச லோடு கரண்ட் (அதுக்குக் கீழ போனா ஒழுங்கா கட்டுப்படுத்தாது) சாதாரணமா மூணரை மில்லி ஆம்பியர், மோசமான பீஸ்னா பத்து வரைக்கும் போகும்னு டேட்டாஷீட்லயே போட்டிருக்கு. எனக்கு வேண்டியது ரெண்டு. அதுக்குன்னே இருக்கறது எல்எம்334, பத்து மில்லி ஆம்பியருக்குள்ள எவ்வளவு வேணாலும் செட் பண்ணலாம், 40 வோல்ட் வரைக்கும் தாங்கும், 33 ஓம் போட்டா ரெண்டு கிட்ட நிக்குது. இத எஸ்பி ரோட்ல தேடி அலைஞ்சேன் பாருங்க, நாலு கடைல "அதெல்லாம் யாரும் கேக்கறதில்ல சார், 317 வாங்கிக்கோங்க". அஞ்சாவது கடைல ஒரு பெரியவர் தகர டப்பாவக் கவுத்து ஒவ்வொண்ணாத் திருப்பி நம்பர் படிச்சு ரெண்டு பீஸ் எடுத்துக் குடுத்தாரு. அந்த மாதிரி கடைங்க இருக்கற வரைக்கும் ஆன்லைன்ல ஆர்டர் போட மனசு வராது.

ரெண்டு மில்லி ஆம்பியர்னு நான் அடம் பிடிக்கறதுக்குக் காரணம் ஃபாரடே கணக்கு. ஒரு மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடுனா 4 மில்லிகிராம் வெள்ளி கழண்டு வரும். ரெண்டுன்னா 8. ஒரு லிட்டர்ல ரெண்டரை மணி நேரம் ஓடுனா 20 மில்லிகிராம், அதாவது 20 பிபிஎம். கொஞ்சம் வெள்ளி நெகட்டிவ் கம்பிலயே போய் ஒட்டிக்கும், அதனால நிஜத்துல இதவிடக் குறைவாத்தான் இருக்கும். டிடிஎஸ் மீட்டர்ல வர்ற நம்பரப் பாத்து "எனக்கு இத்தனை பிபிஎம்"னு சொல்றவங்களப் பாத்தா எனக்குச் சிரிப்பு வரும், அது கரண்ட் கடத்தறதத்தான் அளக்குது, வெள்ளிய இல்ல.

ஆரம்பத்துல கரண்ட் ஓட மாட்டேங்குதே, அதுக்கு சில பேரு ஒரு கல்லு உப்பு போடுவாங்க, போட்டா மறுபடி குளோரைடு, மறுபடி வெள்ளைப் புகை. நான் கண்டுபிடிச்சது உறைமோர் வைத்தியம். முந்தின பேட்ச்ல அம்பது மில்லி எடுத்து வெச்சு புது டிஸ்டில்டு வாட்டர்ல ஊத்திருவேன், தயிருக்கு உறை ஊத்தற மாதிரியேதான். தண்ணிய லேசா சூடு வேற பண்ணிட்டா பதினஞ்சு நிமிஷத்துல ரெண்டு மில்லி ஆம்பியர் தொட்டுட்டு அங்கயே நிக்கும். கால் மணிக்கு ஒருக்கா ஸ்விட்ச்ல ப்ளஸ் மைனஸ் மாத்தி விட்டா தாடியும் முளைக்கல, ரெண்டு கம்பியும் சமமாத் தேயுது. கலக்கறதுக்குப் பழைய டிவிடி ப்ளேயர் மோட்டார்ல ஐஸ்க்ரீம் குச்சி. இப்படி வந்த ஆறாவது பேட்ச் கண்ணாடி மாதிரி தெளிவு, லைட்ட அணைச்சுட்டு லேசர் பாயிண்டர் அடிச்சா பாட்டிலுக்குக் குறுக்கால சன்னமா ஒரு கோடு. வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல அந்தக் கோடு தெரியல, அப்ப இதுல வெள்ளித் துகள் மிதக்குதுன்னு அர்த்தம். அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வீட்ல எல்லாரையும் எழுப்பிக் காமிச்சேன். யாரும் கை தட்டல.

ஸ்ப்ரேயர்ல ஒரு வேடிக்கை. முனைல பித்தளை நாசில், ஒரு வாரத்துல அது உள்பக்கம் வெள்ளி பூசி சாம்பலாயிருச்சு. செம்பு இருக்கற இடத்துல வெள்ளி அயனி போய் உக்காந்துக்கும், நாம கஷ்டப்பட்டு இறக்குன வெள்ளி செடிக்குப் போகாம நாசில்லயே தங்குது. முழு பிளாஸ்டிக் நாசில் மாத்திட்டேன். அளவு பத்தலன்னு குழாய்ல வர்ற காவேரித் தண்ணி கலந்துறாதீங்க, வாளியிலயே பால் மாதிரி ஆயிரும்.

சரி, செடி என்ன ஆச்சு? ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாலு வாரம், 20 பிபிஎம். சாம்பல் நோய் கொறைஞ்சுதான் இருந்துச்சு, ஆனா மூணாவது கொடிக்கு வெறும் தண்ணி கூட அடிக்காம விட்டது என் தப்பு, தண்ணி பட்டதாலயே கொறைஞ்சிருக்கலாம். தக்காளி அர்கா ரக்ஷக், ஹெசரகட்டா ஐஐஎச்ஆர் (தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம்) ரகம், அது தானாவே இலைக்கருகல் தாங்கும், அதுல எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. பாகல்லதான் இந்தக் கூத்து.

ராயக்கோட்டை பக்கம் தக்காளி, பாகல் போடற எங்க அண்ணன்கிட்ட ஃபோன்ல சொன்னேன். "டேய், பெண் பூ வரணும்னு நாங்க எத்ரல் அடிக்கறோம், நீ என்னத்தடா அடிச்ச?"ன்னாரு. அப்பதான் மண்டைல உறைச்சுது. எத்ரல் செடிக்குள்ள போய் எத்திலீன் விடும், வாழைப்பழத்தப் பழுக்க வைக்குமே அதே வாயு. வெள்ளரி, பாகல் குடும்பத்துல பெரும்பாலும் எத்திலீன்தான் பெண் பூவுக்குத் தூது. எத்திலீன உணர்ற இடத்துல ஒரு செம்பு அயனி இருக்கும், வெள்ளி போய் அந்த இடத்தப் பிடிச்சுக்கிட்டா செடிக்கு எத்திலீன் கத்துனாலும் காது கேக்காது. பெண் பூ மட்டுமே வர்ற வெள்ளரி ரகத்துல விதை எடுக்கறவங்க ஆண் பூ வர வைக்கறதுக்குன்னே சில்வர் நைட்ரேட், சில்வர் தயோசல்ஃபேட் அடிப்பாங்க. நான் தெரியாமலேயே அதத்தான் செஞ்சிருக்கேன் போல. பாகல்ல எப்பவுமே ஆண் பூதான் ஜாஸ்தி, வாஸ்தவம்தான், ஆனா பகல் கொறைஞ்சு குளிரடிக்கற சீசன்ல பெண் பூ கொஞ்சமாவது கூடணும், நாப்பத்தி மூணுல ஒண்ணு கூட இல்லன்னா எனக்கு சந்தேகம் வெள்ளி மேலதான்.

அண்ணன் அடுத்து கேட்டது, "ஒரு ஏக்கருக்கு எவ்வளவு ஆகும்?" கணக்கு போட்டேன். ஏக்கருக்கு 200 லிட்டர் ஸ்ப்ரே, 20 பிபிஎம்னா வெள்ளி வெறும் நாலு கிராம். அட பரவாயில்லையேன்னாரு. நாலு கிராம் இறக்கறதுக்கு என் சர்க்யூட் 500 மணி நேரம் ஓடணும், ராப்பகலா 21 நாள், 200 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் வேற. "நான் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தே அடிச்சுக்கறேன் போடா"ன்னு வெச்சுட்டாரு. அவர் சொன்ன அந்தப் போர்டோ கலவை 1880கள்ல வந்தது, இன்னும் ஓடிட்டு இருக்குன்னா சும்மா இல்ல.

மண்ணுல ஊத்துனதுதான் எனக்கு உண்மையிலேயே உறுத்துது. அவரைப் பை ரெண்டுல ஒண்ணுக்கு மட்டும் வாரம் ஒரு லிட்டர்னு நாலு வாரம் ஊத்துனேன், மொத்தம் 80 மில்லிகிராம். போன ஞாயித்துக்கிழமை ரெண்டையும் பிடுங்கி வேரக் கழுவிப் பாத்தேன். ஊத்தாத செடி வேர்ல ரைசோபியம் (செடிக்கு நைட்ரஜன் பிடிச்சுக் குடுக்கற நல்ல பாக்டீரியா) முடிச்சு கொத்துக் கொத்தா, நசுக்குனா உள்ள ரோஸ் கலர். ஊத்துன செடில தேடித் தேடி ஏழு முடிச்சு, அதுலயும் நாலு உள்ள வெளிறிப்போய். ஒரு செடி வெச்சு முடிவு சொல்ல முடியாதுதான், ஆனா வெள்ளிக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியான்னு பேதம் தெரியாது. அதுலயும் அதே பைல அக்டோபர்ல காசு குடுத்து சூடோமோனாஸ்ங்கற நல்ல பாக்டீரியாவும் ட்ரைக்கோடெர்மாங்கற நல்ல பூஞ்சையும் நானே போட்டேன், ஒரு கைல வளர்த்து இன்னொரு கைல விஷம் வெச்ச கதை. மண்ணுல போன வெள்ளி மக்கிப் போறதும் இல்ல, கந்தகத்தோடயும் மக்கோடயும் ஒட்டிக்கிட்டு அங்கயே கெடக்கும். அந்தப் பை மண்ண ஓரமா ஒதுக்கி வெச்சிருக்கேன், குரோட்டன்ஸ்தான் வைக்கணும், கீரைக்கு மட்டும் போடறதா இல்ல.

மேல் வீட்டு ஆன்ட்டி பாட்டிலப் பாத்துட்டு "இது குடிச்சா சளிக்கு நல்லதாமே, கொஞ்சம் குடுப்பா"ன்னு கேட்டாங்க. தொடர்ந்து குடிச்சா தோல் நீலச் சாம்பலா மாறிரும், மாறுனா திரும்பாதுன்னேன். நான் கஞ்சத்தனம் பண்றேன்னு நெனச்சிருப்பாங்க.

அடுத்த பிளான் ரெண்டு இருக்கு. ஒண்ணு, குளுக்கோஸும் சலவை சோடாவும் துளி போட்டு சூடு பண்ணி வெள்ளித் தண்ணிக்குத் தங்க மஞ்சள் கலர் கொண்டு வர்றது, செடிக்கு அதனால ஒரு புண்ணியமும் இல்ல, எனக்கு ஆசை அவ்வளவுதான். ரெண்டு, பூ ஜாடித் தண்ணில இதை ஊத்துனா கார்னேஷன் எத்தனை நாள் கூட நிக்குதுன்னு பாக்கணும், அதுக்காவது எத்திலீன அடைக்கறது பிரயோஜனப்படும். புது பேட்ச் ஒண்ணு இப்ப சமையல் மேடைல ஓடிட்டு இருக்கு, மீட்டர் 1.4 காட்டுது, உறை கொஞ்சம் கம்மியா ஊத்திட்டேன்.

மூணாவது கொடில இருக்கற ரெண்டு பெண் மொட்டும் நாளைக்கு விடியக்காலைல விரியும்னு நெனைக்கறேன். அஞ்சரைக்கு அலாரம் வெச்சிருக்கேன், நானே கையால மகரந்தம் தொட்டு வைக்கப் போறேன். ஆண் பூவுக்குத்தான் பஞ்சமே இல்லையே.