தென் சூடான் போகிற டிரைவர்களே, கிளீனர் சீட்டில் உட்காருங்கள்

பட்டியல் வந்துவிட்டது. தென் சூடான் அமைதிப்படைக்குப் போகும் எங்கள் பட்டாலியனின் டிரைவர்களில் என் பெயரும் இருக்கிறது. ஏற்கனவே மிஷன் போய் வந்தவனுக்குத்தான் ஐ.நா. வண்டி கிடைக்கும் என்று லங்கரில், அதாவது பட்டாளச் சாப்பாட்டுக் கூடத்தில், ஒரு பேச்சு ஓடியது. அதை நம்பிப் பாதிப் பேர் முயற்சியே செய்யவில்லை. நம்பாதீர்கள்.

பி.பி.இ.டி. (பட்டாளத்தின் உடல்திறன் தேர்வு), ஃபயரிங் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதில் தேறாதவன் இந்தப் பக்கமே வரப்போவதில்லை. ஆள் கழிவது ஸ்டியரிங்கில்தான்.

சூடான் 1973-லேயே வலப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறிவிட்டது. பிரிந்து வந்த தென் சூடானிலும் அதேதான். நாம் கொண்டுபோகும் நம் வண்டிகளில் ஸ்டியரிங் வலது, ஐ.நா.வின் சொந்த வண்டிகளில் இடது. கியர்தான் கஷ்டம் என்பார்கள். அது சீக்கிரமே வலக்கைக்குப் பழகிவிடும். வண்டியின் வலது ஓரம் எங்கே முடிகிறது என்ற கணக்குதான் லேசில் வராது.

லீவில் நீலகிரியில் எங்கள் ஊரான அரவேணுவில் இருந்தபோது, மாமா தேயிலைக் கொழுந்து ஏற்றும் பிக்கப்பில் இடப்பக்கம் உட்கார்ந்துகொள்வேன். "ஏன் மாப்ளே, பட்டாளத்துல உன்னைக் கிளீனராக்கிட்டாங்களா?" என்று சிரித்தார். விஷயம் புரிந்ததும் அவரே விளையாட்டில் சேர்ந்துகொண்டார். ஃபேக்டரி வாசலில் வண்டியை ஒரு கல்லை ஒட்டி நிறுத்தி, "இப்ப வலது டயர் எவ்வளவு தள்ளியிருக்கு?" என்பார். சொல்லிவிட்டு இறங்கிப் போய் அளந்து பார்ப்பேன். ஆரம்பத்தில் ஒரு முழம் தப்பியது. லீவு முடிவதற்குள் நாலு விரலுக்குள் வந்துவிட்டது. வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டே வேகமாகத் திருப்புகிற நம் ஊர்ப் பழக்கம் அங்கே ஆகாது. வண்டியில் கார்லாக் என்ற கருவி இருக்கும். கார்டைக் காட்டினால்தான் ஸ்டார்ட் ஆகும், வேகம் முழுக்கப் பதிவாகும். பெல்ட் பின் சீட்டுக்கும் கட்டாயம்.

பாடம்: ஐ.நா. அமைதிப்படையின் மூன்று கொள்கைகளையும் ஆங்கிலத்தில் உருப்போடாமல் தமிழில் புரிந்துகொள்ளுங்கள். மோதும் தரப்புகளின் சம்மதம், பாரபட்சமின்மை, தற்காப்புக்கும் ஒப்படைத்த பணியைக் காக்கவும் தவிர பலம் பிரயோகிக்காமை. பாலியல் சுரண்டல் பற்றிய 2003 விதியையும் கேட்பார்கள். 18 வயதுக்குக் கீழ் என்று தெரியாது என்ற சாக்கு எடுபடாது. கூட்டமாக உட்கார்ந்து படித்தால் எனக்கு ஒன்றும் ஏறாது, தனியாகத்தான் படித்தேன். உங்களுக்கு எப்படியோ.

அப்புறம் சில:

- மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016-லிருந்து ஆயுளுக்கும் ஒரே ஊசி போதும். அட்டையைத் தொலைக்காதீர்கள்.

- நீலகிரியில் பட்டாளம் இருக்கும் வெலிங்டன் 6,000 அடி உயரம். அந்தக் குளிரில் எடுத்த ஓட்ட நேரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஜூபாவில் மார்ச்சில் வெயில் 40 டிகிரியை நெருங்கும். லீவில் மேட்டுப்பாளையம் இறங்கி மத்தியானம் ஓடிப் பாருங்கள், தெரியும்.

- மலைக்காரர்களுக்குக் கொசுவலை கட்டவே தெரியாது. கற்றுக்கொள்ளுங்கள். மலேரியா மாத்திரையை ஊர் திரும்பிய பிறகும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது.

- ரிசர்வில் (காத்திருப்புப் பட்டியலில்) இருப்பவர்கள் ஓட்டத்தை விடாதீர்கள். கடைசி மெடிக்கலில் ஆள் குறையும். லைசென்ஸ் தேதியையும் பாருங்கள், முடியப்போகிறது என்றால் இந்த லீவிலேயே புதுப்பித்துவிடுங்கள்.