ககெருவும் நம்ம ‘போடு’வும்

ஜப்பானிய மொழியில் ‘ககெரு’ என்ற வினையை அகராதியில் தேடினால் இருபதுக்கும் மேல் பொருள் வரும். அதை மனப்பாடம் செய்து பயனில்லை. நானும் செய்து மறந்ததுதான் மிச்சம். (நடுவிலுள்ள ‘கெ’யை, ‘பக்கெட்’டில் வருகிற அழுத்தத்தோடு, ஆனால் இரட்டிக்காமல் சொல்லுங்கள்.)

எனக்குக் கைகொடுத்தது ‘போடு’. பூட்டு போடு, போன் போடு, கண்ணாடி போடு, பாட்டு போடு, இஸ்திரி போடு: ஐந்துக்கும் ககெருதான். ஆனால் அந்தத் துணிச்சலில் சட்டைக்கும் ககெரு போட்டால் தவறு. சட்டைக்கு ‘கிரு’, செருப்புக்கு ‘ஹகு’, தொப்பிக்கு ‘கபுரு’. டீ போட ‘இரெரு’. உப்பில் நுணுக்கம் உண்டு: வெட்டிய தக்காளிமேல் தூவினால் ககெரு, கொதிக்கும் சாம்பாருக்குள் போட்டால் இரெரு. மேலே படிகிறதா, உள்ளே போகிறதா என்று பாருங்கள். எதன்மேல் என்பதற்கு ‘நி’, எதை என்பதற்கு ‘ஒ’ சேரும்.

அதிகம் சறுக்குவது இதன் ஜோடியான ‘ககரு’வில். ககெரு நாம் செய்வது, ககரு தானாக அமைவது. ‘திருப்பு’, ‘திரும்பு’ மாதிரி. இரண்டு மணி நேரம் ‘ககரு’ என்றால் அவ்வளவு நேரம் பிடிக்கிறது. ‘ககெரு’ என்றால் வேண்டுமென்றே அவ்வளவு நேரம் செலவிடுகிறோம். ரயில் பயணத்துக்கு இரண்டாவதைச் சொன்னால், வேகமாகப் போக வழியிருந்தும் மெதுவாகப் போகிறீர்கள் என்று கேட்பவர் நினைப்பார்.

இரண்டும் ‘ரு’வில் முடிந்தாலும் வெவ்வேறு வகை. ‘போட்டு’ மாதிரியான எச்ச வடிவில் ககெரு ‘ககெதெ’ ஆகும், ககரு ‘ககத்தெ’ ஆகும். எதிர்மறை ‘ககெனை’, ‘ககரனை’. எழுதிப் பழகினால் ஒழிய இது நாக்கில் நிற்காது.

இன்னொரு வினையோடு ஒட்டினால் பொருளே மாறிவிடும். ‘தபெககெ நொ ரிங்கொ’ என்பது கடித்துப் பாதியில் விட்ட ஆப்பிள். ‘ஷினிககெத’ என்றால் சாகக் கிடந்தார், சாகவில்லை. ‘ஹனஷிககெரு’ பெரும்பாலும் ஒருவரிடம் பேச்சுக் கொடுப்பது.

‘எழுத முடியும்’ என்பதும் ககெருதான். எழுத்து, கடிதம் என்று பக்கத்தில் ஏதாவது வருவதை வைத்துப் பிடிக்கலாம். கோப்பை விளிம்பு உடைந்து போவதும் ககெரு, ஆனால் டோக்கியோ உச்சரிப்பில் அதற்குக் குரல் கடைசியில் இறங்காது. பெருக்கல் கணக்கைச் சொல்லும்போதும் இதுவே: ‘சன் ககெரு யொன்’, மூன்று பெருக்கல் நான்கு.