கண்ணூறும் பயறும்: எண்ணத்தை அளக்கப் பத்துத் தட்டுகள்

கத்தரித் தோட்டத்தின் நடுவில் கறுப்பு முகமும் வெள்ளைப் புள்ளியுமாக நிற்கிற வெருளி குருவிக்கு மட்டும் வைத்ததல்ல. வீதியால் போகிறவரின் கண்ணூறு முதலில் அதிலே படட்டும் என்றும்தான் வைக்கிறார்கள். வன்னியில் இது எல்லாருக்கும் பழகின காட்சி. அதற்குள் ஒரு பௌதிகக் கருத்தும் இருக்கிறது: எண்ணம் கண்வழியே ஒளிபோலப் புறப்பட்டுப் பொருளைப் போய்த் தொடுகிறது. இந்தியத் தத்துவத்தில் நியாய தரிசனக்காரரும் கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதாகவே கொண்டார்கள். கிரேக்கத்துக் கணித அறிஞர் யூக்கிளிட்டும் அப்படித்தான். 11ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல் ஹைதம்தான் ஒளி கண்ணுக்குள் வருவதை விளக்கி அதை மறுத்தார்.

இன்று அதே கருத்து, "சடமும் ஒளியும் ஒன்று, எண்ணமும் ஒளி, ஆகவே எண்ணம் சடத்தை ஆளும்" என்று வலம்வருகிறது. இதில் பாதி உண்மை. திணிவும் சக்தியும் ஒன்றுக்கொன்று ஈடானவை. நம் உடலும் ஒளிர்கிறது. பெரும்பகுதி 9.5 மைக்கிரோமீற்றரை அண்டிய அலைநீளமுள்ள செந்நிறக் கீழ்க்கதிர், அதாவது வெறும் உடற்சூடு. கலங்களில் நடக்கும் ஒட்சியேற்றத்தால் கட்புல ஒளியும் கொஞ்சம் வருகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல். மூளை ஏறத்தாழ 20 வாற்றில் இயங்குகிறது. ஒரு நாள் முழுதும் அது செலவழிக்கிற சக்தியைத் திணிவாக மாற்றிக் கணித்தால் 19 நனோகிராம் வரும். அதுவும் இரத்தத்தோடு வெப்பமாகப் போய்விடுகிறது. ஒளி வருகிறது என்பது ஒரு கூற்று. அந்த ஒளியில் எண்ணம் ஏறியிருக்கிறது என்பது வேறு கூற்று. இரண்டாவதற்குத் தனிச் சான்று வேண்டும்.

சான்று தேடுகிறவர் எப்படி வழுக்குவார் என்பதற்கு பிரான்சின் நான்சி நகரம் நல்ல பாடம். 1903இல் பௌதிகவியலாளர் ரெனே புளொண்லோ "N கதிர்" என்ற புதுக் கதிரை அறிவித்தார். அதே நகரத்து ஒகுஸ்தென் சார்பாந்தியே, அக்கதிர் நரம்பிலிருந்தும் மூளையிலிருந்தும் வருகிறது என்றார். இருட்டறையில் ஒரு மங்கல் ஒளி சற்றே கூடுகிறதா என்று வெறுங்கண்ணால் பார்ப்பதே அவர்களின் அளவீடு. 1904இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரொபேட் வூட் அங்கே போய், அக்கதிரைப் பிரிப்பதற்கென்று கருவியில் வைத்திருந்த அலுமினிய அரியத்தை இருட்டில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். அளவீடுகள் முன்போலவே வந்துகொண்டிருந்தன! அவர்கள் பொய்யர்கள் அல்லர். விடையைத் தெரிந்துகொண்டு பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே விடை தெரியாமல் அளக்க வேண்டும். ஜப்பானின் மசாரு எமோட்டோ பரப்பிய சோற்றுப் போத்தல் சோதனையில், சோறு போட்ட போத்தல்களைப் பார்த்துத் தினமும் பேசுவார்கள்; நல்ல சொல்லுக்கு ஒன்று, கெட்ட சொல்லுக்கு ஒன்று என்று பெரும்பாலும் இரண்டே போத்தல். ஏதோ ஒன்று முதலில் பழுதாகத்தான் செய்யும். எண்ணத்தால் பயறு கூட வளர்கிறதா என்று பார்க்கப் பத்துத் தட்டு வையுங்கள்.

பூச்சி அரித்த, உடைந்த விதைகளை நீக்கி 200 பயறு எடுத்து 8 மணித்தியாலம் ஊறவிடுங்கள். ஒரே மாதிரியான மூடியுள்ள பிளாஸ்ரிக் தட்டுகளில் இரண்டு மடிப்புப் பருத்தித் துணி விரித்து, தட்டுக்கு 20 விதை. காலையும் மாலையும் ஊசியில்லாத சிறிஞ்சால் 10 மில்லிலீற்றர், எல்லாவற்றுக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஆட்கள் மூவர். ஒருவர் சீட்டுக் குலுக்கி ஐந்து தட்டைத் தெரிந்து, இலக்கங்களை உறையில் ஒட்டிவைப்பார். தினமும் அந்த ஐந்தையும் வேறு அறைக்கு எடுத்துப்போவார். அங்கே இரண்டாமவர் ஒரு மீற்றர் தள்ளியிருந்து 10 நிமிடம் "வளர்" என்று நினைப்பார். கதைக்கவோ தொடவோ கூடாது. பிறகு மற்ற ஐந்தும் வரும், அவற்றின் முன்னால் அதே ஆள் அதே நேரம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்வார். இதை விட்டுவிட்டால் அவருடைய உடற்சூடு ஒரு பக்கத்துக்கு மட்டும் கிடைத்துவிடும். மூன்றாமவர் தண்ணீர் விட்டு, ஐந்தாம் நாள் முளைகளின் நீளத்தை அளப்பார். எது எது என்று அவருக்குத் தெரியவே கூடாது.

அதிகம் கெடுப்பது வெளிச்சம். இருட்டில் முளைத்த பயறு வெளிறி நீண்டு வளரும். சாமித்தட்டின் இருண்ட மூலையில் வைத்தது உயரமாக வந்தால் அது பக்தியால் அல்ல. தட்டுகளைத் தினமும் ஓரிடம் நகர்த்துங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் துணி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், மூடியைத் திறந்துவைக்காதீர்கள். எறும்புக்கு, தட்டுகளைத் தாங்கும் பலகையின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்தினால் போதும். முளைக்காத விதைக்குப் பூச்சியம், அழுகிய தட்டையும் கணக்கில் சேர்ப்பது என்பதையெல்லாம் முதல் நாளே எழுதிவிடுங்கள். முடிவைப் பார்த்தபின் ஒரு தட்டைக் கழித்தால் சோதனை முழுதும் போய்விடும்.

சராசரி நீளப்படி வரிசை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே உறையைக் கிழிக்க வேண்டும். பத்தில் ஐந்தைத் தெரிய 252 வழிகள். முதல் ஐந்திடத்தில் நினைத்த தட்டுகள் இரண்டோ மூன்றோ வருவதே வழமை. நான்கோ ஐந்தோ வருவது வெறும் தற்செயலிலேயே பத்துத் தடவைக்கு ஒன்று நடக்கும், அதற்குத் துள்ளக்கூடாது. ஐந்தும் வருவது 252க்கு 1. அப்படி வந்தால் வேறு வீட்டில், வேறு ஆட்களோடு, புதுச் சீட்டுக் குலுக்கித் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் ஐந்தும் வந்தால் 63,504க்கு 1. அளவுத் தாள்களையும் இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு, கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்குப் போங்கள்.