அறக்கொட்டிக் கேள்விக்கு ஸ்கீமா போட்ட கதை

அறக்கொட்டி எண்டா நெல்லில விழுற தத்திப் பூச்சி, அதைப்பற்றி எங்கட கமக்காரர் அமைப்பின்ர சைற்றில கிடக்கிற மாதிரியான கேள்வி-பதிலுகளுக்கு, கூகிளுக்கு விளங்கிற மாதிரி ஸ்கீமா எண்ட குறிப்பு எழுதின கதைதான் இது. முதலே சொல்லிப்போடுறன், கூகிள்ல தேடேக்க சைற்றின்ர பேருக்குக் கீழ கேள்வியள் வரிசையா நிண்டு, தொட்டா விரியுமே, அது வேணுமெண்டு இதை வாசிக்க வந்தீங்களெண்டா, அது எங்களை மாதிரி ஆக்களுக்கு இப்ப வராது. 2019 மே மாசம் கூகிள் அதைக் கொண்டு வந்தது, உலகத்தில உள்ள எல்லாரும் கடைப்பக்கம் கல்யாண மண்டபப் பக்கம் எண்டு எல்லாத்திலயும் அடிச்சுக் குவிச்சாப்பிறகு 2023 ஓகஸ்ட்ல பேர் பெற்ற அரசாங்க சைற்றுக்கும் சுகாதார சைற்றுக்கும் மட்டுந்தான் எண்டு சுருக்கிப் போட்டினம். எங்கட கமக்காரர் அமைப்பு அரசாங்கமுமில்லை ஆசுப்பத்திரியுமில்லை. இது நடந்து எவ்வளவோ காலமாகியும் யூரியூப்பில இன்னும் பழைய வித்தையைத்தான் படிப்பிக்கினம், எங்களிட்டயும் ஒராள் வந்து "எஸ்ஈஓ பக்கேஜ்", அதாவது தேடலில முன்னுக்குக் கொண்டுவாற வேலை எண்டு இதுக்கு நல்ல காசு கேட்டவர். அவரை அனுப்பிப்போட்டுத்தான் நான் இருந்து பாத்தன்.

எனக்குக் கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியடியில சின்னக் கடை, பிரின்ற், போட்டோக்கொப்பி, ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புறது, இடைக்கிட வெப்சைற் வேலை. அமைப்பின்ர சைற்றையும் நான்தான் பாக்கிறனான். அதில பரந்தன், முரசுமோட்டை, விசுவமடுப் பக்கத்துச் சனம் வயல் தோட்டக் கேள்வியளைப் போடுவினம், தெரிஞ்ச ஆக்கள் ஆரும் பதில் எழுதலாம், பென்சன் எடுத்த விவசாயப் போதனாசிரியர் ஐயா ஒருத்தர் எல்லாத்தையும் வாசிச்சு எது சரியோ அதுக்கு ஒரு சரி அடையாளம் போட்டுவிடுவார். காலபோகம் தொடங்கினா ஒரே கேள்வியைத்தான் பத்துப்பேர் பத்து விதமாக் கேப்பினம். அதுதான் கூகிளுக்கு இது கேள்வி, இது பதில் எண்டு ஒழுங்கா விளங்கப்படுத்தினா, தேடுற ஆளுக்கு நேர பதில்ல போய் விழலாம் எண்டு நினைச்சம்.

ஸ்கீமா எண்டா என்னெண்டு தெரியாத ஆக்களுக்கு: 2011ல கூகிள், பிங், யாகூ மூண்டும் சேர்ந்து ஸ்கீமா டொட் ஓர்க் எண்டு ஒரு பொதுச் சொற்பட்டியல் தொடங்கினவை, பேந்து யான்டெக்ஸும் சேர்ந்தது. பேஜில ஆள் வாசிக்கிற எழுத்துக்குப் பின்னால, மெசினுக்கெண்டு ஜேசன்-எல்டி எண்ட வடிவத்தில அதே விசயத்தை அந்தச் சொல்லுகளால எழுதி வைக்கிறது. ஐயாவுக்கு இதைச் சொல்ல அவர் கேட்டார், "தம்பி, அதுதான் பேஜிலயே கிடக்கே, நீர் ஏன் ரெண்டாந்தரம் எழுதிக் குடுக்கிறீர்?" எண்டு. நான் சொன்னன், ஐயா, விதைநெல்லு மூட்டைக்கு வெளியில இனத்தைச் சீட்டில எழுதிக் கட்டுற மாதிரித்தான், மூட்டையை அவிழ்க்காமலே தெரியவேணும் எண்டு. அவர் உடன திருப்பிக் கேட்டார், "அப்ப சீட்டில ஒண்டும் உள்ளுக்கு வேறயும் கிடந்தா?" சரியாப் பிடிச்சிட்டார் மனுசன், ஏனெண்டா இந்த வேலை முழுக்க நான் மினக்கெட்டது அந்த ஒரு இடத்திலதான்.

கேள்வி-பதிலுக்கு ரெண்டு வகை கிடக்கு. ஒண்டு எப்ஏகியூ பேஜ், அதாவது அடிக்கடி கேக்கிற கேள்வியள், மற்றது கியூஏ பேஜ், அதாவது கேள்வி-பதில். பேரைப் பாத்தா ரெண்டும் ஒண்டு போல, ஆனா கூகிளின்ர விதியில துப்பரவா வேற வேற. எப்ஏகியூ எண்டா கேள்வியையும் பதிலையும் சைற்காரரே எழுதியிருக்கவேணும், வேற ஆரும் பதில் போட ஏலாது, ஒரு பேஜில எத்தினை கேள்வியும் இருக்கலாம். கியூஏ எண்டா ஒரு பேஜுக்கு ஒரே ஒரு கேள்விதான், வாற ஆக்கள் தங்கட பதிலைப் போடக்கூடிய வசதி கட்டாயம் இருக்கவேணும்.

எங்கட சைற்றில ரெண்டுமே கலந்து கிடந்தது. "உரமானியத்துக்கு எந்தக் கமநல சேவை நிலையத்தில பதியிறது?", "இந்தமுறை இரணைமடுவில சிறுபோகத்துக்கு எவ்வளவு ஏக்கர்?" எண்ட கேள்வியளுக்கு ஒரு பதில்தான் இருக்கு, ஏக்கர் கணக்கு குளத்துத் தண்ணியைப் பாத்துக் கூட்டம் வைச்சு முடிவெடுக்கிறது, அதுக்கு ஆளாள் அபிப்பிராயம் சொல்லி வேலையில்லை. அதெல்லாத்தையும் எடுத்து ஒரே பேஜில போட்டு, பதில் எழுதிற பெட்டியையும் கழட்டி, அதுக்கு எப்ஏகியூ குடுத்தாச்சு. விரியிற பட்டி கூகிள்ல வராது எண்டு தெரிஞ்சும் ஏன் குடுத்தனெண்டா, கோட் சின்னன், கிடந்து ஒரு கரைச்சலுமில்லை, வாசிக்கிற வேற மெசினுகளும் இருக்கு. வேண்டாமெண்டு நினைக்கிற ஆக்கள் விட்டாலும் நட்டமில்லை.

"அறக்கொட்டி பிடிச்ச வயலில தண்ணியை விடுறதோ வடிக்கிறதோ?" எண்டது மற்ற வகை. அதுக்கு ஒராள் வடிச்சு விடு எண்டார், ஒராள் உடன மருந்தடி எண்டார், இன்னொராள் தன்ர வயல் வட்டம் வட்டமா எரிஞ்ச கதையை ஒரு முழம் எழுதிப்போட்டுக் கடைசியில யூரியாவைக் குறை எண்டு ஒரு வரி. ஐயா சரி போட்டது வடிக்கிற பதிலுக்கு, தத்தி நெல்லின்ர அடித்தண்டில தண்ணிக்குக் கிட்டத்தான் குந்தியிருக்கும், மேலால இலையைப் பாத்துக்கொண்டு நிண்டாத் தெரியாது, விலக்கி அடியைப் பாருங்கோ, தண்ணியை வடிச்சா அதுக்கு அந்த ஈரச் சூழல் இல்லாமப் போகும் எண்டு கீழ ஒரு குறிப்பும் போட்டவர். இதுதான் அசல் கியூஏ பேஜ். ஐயா சரி போட்ட பதில் "அக்செப்ரட் ஆன்சர்", மற்றதெல்லாம் "சஜெஸ்ரட் ஆன்சர்", மொத்தம் எத்தினை பதில் எண்டது "ஆன்சர் கவுன்ற்". கேள்வின்ர தலைப்பு "நேம்", ஒவ்வொரு பதிலின்ர எழுத்து "ரெக்ஸ்ற்". கட்டாயமானது இவ்வளவுதான்.

கோட் எழுத முதல் ஏற்கெனவே கிடந்ததைக் கழட்டவேண்டி வந்துது. முந்தி ஆரோ போட்டுவிட்ட ஒரு பிளகின் (சைற்றில மேலதிகமாப் பூட்டுற சின்ன புரோகிராம்), முகப்பு, தொடர்பு, போட்டோப் பக்கம் எண்டு பாக்காம எல்லாப் பேஜிலயும் எப்ஏகியூவை ஒட்டிக்கொண்டிருந்தது, அதுவும் பேஜில கண்ணுக்குத் தெரியாத கேள்வியளோட. ஆள் பாக்க ஏலாததை மெசினுக்கு மட்டும் சொல்லுறது கூகிளின்ர விதிக்கு நேர எதிர். தொட்டா விரியிற பட்டிக்குள்ள பதில் ஒளிஞ்சிருக்கலாம், பரவாயில்லை, ஆனா பேஜில எங்கயாவது இருக்கவேணும். பிளகினை நிப்பாட்டின கையோட, கிடந்த ஹவ்-ரு எண்ட, ஒரு வேலையை எப்பிடிச் செய்யிறது எண்டு படிப்படியாச் சொல்லுற வகை ஸ்கீமாவையும் எடுத்துப்போட்டன், அதின்ர காட்சியை 2023 செப்ரெம்பரோட கூகிள் முழுசா நிப்பாட்டினது.

பேந்து வந்தது எழுத்துப் பிரச்சினை. இந்தப் பக்கத்தில வேலை செய்யிற ஆக்களுக்கு உடன விளங்கும், பழைய பதில் கன அளவு அமைப்பின்ர கொம்பியூட்டரில பாமினி எண்ட பழைய எழுத்துருவில ரைப் பண்ணின பைல்கள். பாமினி எண்டா கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளுக்குக் கிடக்கிறது இங்கிலீஸ் எழுத்து, புள்ளி வைக்கிற இடத்தில அரைப்புள்ளி. அதை அப்பிடியே ஸ்கீமாக்குள்ள ஒட்டினா கூகிளுக்குப் போறது குப்பை. யூனிகோட்டுக்கு மாத்தித்தான் போடவேணும், மாத்தினாப்பிறகும் ஒருக்கா ஆள் வாசிக்கவேணும், ஏனெண்டா கொம்பு முன்னால வாற பாமினி ஒழுங்குக்கும் பின்னால வாற யூனிகோட் ஒழுங்குக்கும் இடையில சில கொம்பும் காலும் இடம் மாறிப்போய் நிக்கும். அமைப்பின்ர செயலாளர் அக்காவும் நானும் பங்கு போட்டு வாசிச்சம், அக்காதான் கூட வாசிச்சது.

எழுத்து சரியான பிறகு ரிச் ரிசல்ற்ஸ் ரெஸ்ற் எண்ட கூகிளின்ர சோதனைக் கருவியில போட்டுப் பாக்க, சில பேஜ் பச்சை, சில பேஜில "கமாவோ மூடுற அடைப்போ இல்லை" எண்டு எரர். எல்லாப் பேஜுக்கும் ஒரே ரெம்பிளேற், அப்ப ஏன் சிலது மட்டும்? எரர் வந்த ஒரு பேஜைத் திறந்து பதிலுகளை ஒவ்வொண்டா எடுத்தெடுத்துப் பாத்தா, முரசுமோட்டைக் கமக்காரர் ஒருத்தர் நாத்து நட்டாப்பிறகு தண்ணி 2" நிக்கட்டும் எண்டு எழுதியிருக்கிறார். அங்குலத்துக்குப் போட்ட அந்த ரெட்டைக்கோடுதான் ஆள். ஜேசனுக்கு ரெட்டைக்கோடு எண்டா வசனம் முடிஞ்சுது எண்டு அர்த்தம், மிச்சமெல்லாம் அதுக்கு அந்தரத்தில நிக்கும். பதிலுக்குள்ள என்ரர் தட்டி வரி உடைச்ச இடமும் இதே வில்லங்கம்தான். கையால ஒவ்வொண்டாத் திருத்திறது விசர் வேலை, நாளைக்கு இன்னொராள் அடிக்கணக்கில எழுதுவார். கோட்டைத் துண்டு துண்டா ஒட்டி உண்டாக்கிறதை விட்டுட்டு, தகவலை அரே எண்ட பட்டியல்ல வைச்சு, பிஎச்பி எண்ட கோட் மொழியின்ர ஜேசன் என்கோட் பங்சனுக்குக் குடுத்தா அதுவே எல்லாத்தையும் பாத்துக்கொள்ளும். அது தமிழெழுத்தை எல்லாம் சாய்கோடும் யூவும் இலக்கமுமா மாத்தி வைக்கும், பாத்துப் பயப்பிடாதேங்கோ, கூகிள் அதையும் சரியா வாசிக்கும். கண்ணுக்குத் தமிழாத் தெரியவேணுமெண்டா அன்எஸ்கேப்ட் யூனிகோட் எண்ட ஒப்சனைச் சேருங்கோ, பேந்து பிழை தேடேக்க சுகம்.

ஒரு பதிலும் வராத கேள்வியள்தான் அடுத்தது. அதுக்கும் ரெம்பிளேற் ஸ்கீமாவை அடிச்சுக்கொண்டிருந்தது, அக்செப்ரட் அல்லது சஜெஸ்ரட் ஒண்டாவது வேணும் எண்டு சிவப்பு எரர். முதல் பதில் விழுந்தாப்பிறகு மட்டும் ஸ்கீமா வரட்டும் எண்டு ஒரு இஃப் போட்டதோட அது முடிஞ்சுது.

மஞ்சள் எச்சரிக்கையள் இன்னும் நிக்குது, நிக்கட்டும். வாக்கு எண்ணிக்கை இல்லை, எழுதின ஆளின்ர பக்கத்து லிங் இல்லை எண்டெல்லாம் சேர்ச் கொன்சோல், அதாவது சைற்காரருக்கெண்டு கூகிள் தாற கருவி, சொல்லும். எங்கட சைற்றில வாக்குப் போடுற வசதி இல்லை, இல்லாத வாக்கை ஸ்கீமாவில இருக்கெண்டு எழுதினா அது பொய், ஐயா கேட்ட அந்தச் சீட்டுக் கதைதான். கட்டாயமில்லாத விசயத்துக்கு மஞ்சளை மறைக்கவெண்டு ஆரும் இலக்கத்தை உண்டாக்கிப் போடாதேங்கோ. திகதி எங்களிட்ட இருந்தது, அதைப் போட்டன். எழுதினவரின்ர பேர் போடலாம், ஆனா எங்கட ஆக்கள் பதிலுக்குள்ளயே "மிச்சத்துக்கு எனக்கு கோல் எடுங்கோ" எண்டு போன் நம்பரையும் எழுதுவினம், அது அப்பிடியே ஸ்கீமாக்குள்ளயும் போகும், அதால நம்பரை பேஜிலயும் சேர்த்து எடுத்துப்போட்டு, அவசரமெண்டா விவசாயத் திணைக்களத்தின்ர 1920க்கு எடுங்கோ எண்டு பொதுவா ஒரு வரி போட்டிருக்கிறம்.

பச்சை அடையாளம் வந்தா கூகிள்ல காட்டும் எண்டு அர்த்தமில்லை, எழுதின முறை சரி எண்டு மட்டுந்தான். காட்டுறதும் விடுறதும் அவையின்ர விருப்பம், அதை அவையே எழுதியும் வைச்சிருக்கினம். எங்கட அறக்கொட்டிப் பேஜ் போனில தேடேக்க பதிலுகள் சின்னச் சின்னப் பெட்டியா பக்கவாட்டில தள்ளிப் பாக்கிற மாதிரி வந்துது, அடுத்த கிழமை பாத்தா சாதாரணமா நிண்டுது, பேந்து வந்துது. சேர்ச் கொன்சோலில கேள்வி-பதிலுக்கெண்டு தனி அறிக்கை ஒண்டு திறந்திருக்கு, சரியான பேஜ் எவ்வளவு எண்டு அதில பாக்கலாம், மாத்தினதைச் சோதிக்க யூஆர்எல் இன்ஸ்பெக்சனில போட்டு திரும்ப இன்டெக்ஸ் பண்ணக் கேட்டா சரி. கூகிள் காட்டாத வகையளுக்கு ரிச் ரிசல்ற்ஸ் ரெஸ்ற் ஒண்டும் சொல்லாது, அதுக்கு ஸ்கீமா வலிடேற்றர் எண்டு தனிக் கருவி கிடக்கு.

இப்ப மிச்சம் கிடக்கிறது கச்சான், உழுந்துக் கேள்வியள். அதில பாதிக்கு ஐயா இன்னும் சரி போடேல்ல, ரெண்டு பதிலும் சரிதான், மண்ணைப் பொறுத்தது எண்டு சொல்லுறார். அக்செப்ரட் இல்லாமல் எல்லாத்தையும் சஜெஸ்ரட்டா விட்டாலும் ஸ்கீமா செல்லும், அதால அப்பிடியே விட்டிருக்கிறன்.