மனிதர் மேஜையிலிருந்து குதிரை லாயம் வரை: ஒரு மசாஜ் பயிற்சி நாட்குறிப்பு

ஜனவரி 13, 2024

இங்கிலாந்தில் குதிரைக்கு மசாஜ் செய்யப் படிக்க வருகிறவர்களிடம் பல பயிற்சிக்கூடங்கள் முதலில் கேட்பது, மனிதருக்கான மசாஜில் லெவல் 3 டிப்ளமோ இருக்கிறதா என்றுதான். குதிரைக்காக வந்தவருக்கு இது சுற்றுவழியாகத் தெரியும். ஆனால் மேஜையில் படுத்திருப்பவர் வாய் திறந்து சொல்வார்: “அங்கதான்... கொஞ்சம் மெதுவா.” எவ்வளவு அழுத்தினால் எந்த ஆழம் போகிறது என்பதைக் கை கற்றுக்கொள்வது அந்தப் பதிலை வைத்துத்தான். குதிரையிடம் அந்தப் பதில் வார்த்தையாக வராது.

இன்று மேஜை உயரம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மடக்கிய கைமுஷ்டி மேஜைப் பரப்பைத் தொட வேண்டும். மேஜை உயர்ந்துவிட்டால் உடல் எடையைப் பயன்படுத்த முடியாமல் தோளும் கட்டைவிரலும் வேலை செய்யும். இந்தத் தொழிலில் பலருக்கு முதலில் கெடுவது கட்டைவிரல் மூட்டு. அழுத்தம் இடுப்பிலிருந்து கிளம்பி, நேராக நீட்டிய கை வழியாக இறங்க வேண்டும். விரல் பின்னோக்கி வளைகிறது என்றால் அந்த இடத்துக்கு முன்கையோ மடக்கிய கைமுஷ்டியோதான் சரி.

எண்ணெய், முதுகு முழுவதற்கும் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். கூடினால் கை வழுக்கும், பிசைவதற்குத் தசை பிடிபடாது.

பிப்ரவரி 10

கை வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள். எனக்கு இதுதான் படிப்பின் நடுத்தூண். காய்ச்சல், தொற்று, புதுக்காயம் இருந்தால் அன்றைக்கு மசாஜ் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு ஆழ்ந்த அழுத்தம் கூடாது. எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலை) உள்ளவருக்கும் அப்படியே.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அதை “தசைப்பிடிப்பு” என்று நீவிவிடக் கூடாது. ஆழ்சிரையில் ரத்தக்கட்டியாக இருக்கலாம். கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கையை எடுத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

விளம்பரத்திலும் எல்லை உண்டு. புற்றுநோய்க்குச் சிகிச்சை தருகிறேன் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வது பிரிட்டனில் 1939ஆம் ஆண்டின் புற்றுநோய்ச் சட்டப்படி குற்றம்.

மார்ச் 9

இரண்டு எலும்புக்கூடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். கழுத்தில் மனிதருக்கும் 7, குதிரைக்கும் 7 முள்ளெலும்புகள். அதற்குப் பிறகு கணக்கு மாறுகிறது. நெஞ்சுப் பகுதியில் நமக்கு 12, குதிரைக்கு வழக்கமாக 18. இடுப்பில் நமக்கு 5, குதிரைக்கு 6. அரபுக் குதிரைகள் சிலவற்றுக்கு 5தான்.

குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்கால்கள் உடலோடு எலும்பு மூட்டால் பூட்டப்படவில்லை. தோள்பட்டைகளுக்கு நடுவே மார்புக்கூடு தசைத் தொட்டிலில் தொங்குகிறது. நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்கால்களில்தான் விழுகிறது. கழுத்தடியிலும் நெஞ்சிலும் இறுக்கம் அடிக்கடி தட்டுப்படுவதற்கு இது ஒரு காரணம்.

நாம் முன்கால் முட்டி என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. பின்காலில் பின்னோக்கிப் புடைத்திருப்பது குதிகால். நடுவிரல் நகத்தில் நிற்கிற மிருகம் அது! அந்த மணிக்கட்டுக்கும் குதிகாலுக்கும் கீழே பிசைவதற்குத் தசை இல்லை, தசையை எலும்போடு கட்டும் நாணும் எலும்பை எலும்போடு கட்டும் நாரும்தான். அங்கே சூடோ வீக்கமோ தெரிந்தால் கை விலக வேண்டும், கால்நடை மருத்துவர் வர வேண்டும்.

ஏப்ரல் 20

சட்டம். 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி விலங்குக்கு என்ன நோய் என்று சொல்லும் உரிமை கால்நடை மருத்துவருக்கு மட்டுமே. 2015இல் வந்த விலக்கு ஆணை, மருத்துவர் பரிசோதித்துச் சொன்னபின் மற்றவர்கள் பிசியோதெரபி முறைகளில் சிகிச்சை தர அனுமதிக்கிறது. ஆரோக்கியமான குதிரைக்குப் பராமரிப்பு மசாஜ் என்பது வேறு. காயமோ நொண்டலோ இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடுவது தவறு.

“மசாஜ் தெரபிஸ்ட்” என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பது இந்த நாட்டின் நிலை. அதனால் சான்றிதழும் காப்பீடும் கையில் இருக்க வேண்டும். மனிதருக்கான காப்பீடு குதிரையைத் தானாகவே உள்ளடக்காது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

ஜூன் 15

லாயத்தில் முழு நாள். 11 வயதுப் பெண் குதிரை, 15.2 கை உயரம். ஒரு கை 4 அங்குலம், புள்ளிக்குப் பின் வருவது மிச்ச அங்குலம், அதாவது 62 அங்குலம்.

முதலில் நாடியும் மூச்சும். ஓய்வில் நிமிடத்துக்கு நாடி 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. அடுத்தது பிரஷ். சேற்றுத் துகள் ரோமத்தில் இருந்தால் ஒவ்வொரு நீவலும் மணல்காகிதமாகிவிடும். குதிரைக்கு எண்ணெய் வேண்டாம்.

தலைக்கயிற்றைப் பிடிப்பவர் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. குதிரை மிரண்டு இழுத்தால் விரல் போய்விடும். பின்னால் கடக்கும்போது புட்டத்தில் ஒரு கை வைத்து ஒட்டிப் போக வேண்டும், இல்லையேல் உதைக்கு எட்டாத தூரத்தில் சுற்றிப் போக வேண்டும். இடைப்பட்ட தூரத்தில்தான் அடி பலமாக விழும்.

பிறகு உள்ளங்கையைப் படியவைத்து, பிடரி தொடங்கி வால் வரை இரு பக்கமும் தடவிப் பார்த்தோம்: சூடு, இறுக்கம், தசையின் தன்மை, வலி. புதியவர்கள் விரல்நுனியால் தொடுகிறார்கள். உடனே தோல் துடிக்கிறது. “வலிக்கிறது” என்று எழுதிவிடுகிறார்கள். ஈயை உதறும் அனிச்சை அது. படிந்த உள்ளங்கைக்கு அந்தத் துடிப்பு குறையும். குறையாமல் முதுகு கீழே அமிழ்ந்தால், காது பின்னே போனால், வால் சுழன்றால், அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசி விலா எலும்பை விலாப்புறத்திலிருந்து மேலே பின்தொடர்ந்தால் 18ஆவது நெஞ்சு முள்ளெலும்புக்கு வந்து சேரலாம். சேணம் அதைத் தாண்டிப் பின்னே போகக் கூடாது. இந்தக் குதிரைக்கு இடது பக்கம் அந்த இடத்துக்குச் சற்று முன்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தசை பலகைபோல இருந்தது. அங்கே நேரடியாக அழுத்தவில்லை. சுற்றிலும் நீண்ட நீவல், பிறகு முள்ளெலும்பை விட்டு நான்கு விரல் தள்ளி மெதுவான பிசைதல். ஏழெட்டு நிமிடத்தில் கீழுதடு தளர்ந்து தொங்கியது, கண் பாதி மூடியது. பிறகு வாயை அசைபோட்டு ஒரு நீண்ட பெருமூச்சு. “கொஞ்சம் மெதுவா” என்று மேஜையில் கேட்ட குரல் இங்கே இப்படித்தான் வருகிறது. குதிரையின் முகத்தைவிட்டுப் பார்வையை எடுத்தால் தவறிப்போகும்.

ஜூன் 16

ஒரே ஒரு எச்சரிக்கை. வேலைக்குப் பின் குதிரையின் புட்டமும் முதுகும் கல்லாக இறுகி, வியர்த்து, நடக்க மறுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் அது தசை சிதைவு. நீவவும் கூடாது, நடத்தவும் கூடாது. அந்த நிமிடமே மருத்துவரை அழைக்க வேண்டும்.

செப்டம்பர் 7

நடையைப் பார்த்தல். கெட்டியான சமதரையில் ட்ராட் ஓட்டம் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட சீரான ஓட்டம்), நேராகப் போய் நேராகத் திரும்ப வேண்டும். முன்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை உயரும், நல்ல கால் படும்போது தாழும். கயிற்றை இறுக்கிப் பிடித்து ஓட்டினால் தலையாட்டமே தெரியாது. இந்தப் பிழையை இன்று நான்கு பேர் செய்தார்கள்.

சவாரியின்போது வலியைக் கண்டுகொள்ள குதிரை மருத்துவ ஆய்வாளர் சூ டைசன் உருவாக்கிய பட்டியலில் 24 நடத்தைகள் உள்ளன. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் தசை எலும்பு வலி இருக்க வாய்ப்பு அதிகம். “பிடிவாதக் குதிரை” என்று ஒதுக்கப்படுகிறவற்றுக்காகவே இந்தப் பட்டியலை எல்லா லாயங்களிலும் ஒட்டிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாலையில் பதிவேடு எழுதும் பயிற்சி. “முதுகு வலி” என்று எழுதினால் அது நோய் சொல்வதாகிவிடும். ஜூன் மாதக் குதிரைக்கு எழுதியது: “இடப்பக்கம், நெஞ்சு முள்ளெலும்பு 14 முதல் 17 வரை, தசை கடினம், சூடு இல்லை. உள்ளங்கை வைத்தால் முதுகு தாழ்கிறது. 45 நிமிடம். முடிவில் பாதி தளர்வு. அடுத்த முறைக்கு முன் சேணம் பொருத்துபவர் பார்க்க வேண்டும். நகல் மருத்துவருக்கு.”